வேலூர் போகும் சாலை

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் பிரிந்து, ஒரு கிளை தெற்கே சேலத்துக்கும் மற்றொன்று கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கும் செல்வதனால், உள்ளூர் வைத்தியர் கைவிரித்த நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோவது இந்தச் சீமையில் நெடுங்கால வழக்கமாயிற்று. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலையே, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக விருத்தியடைந்து, அந்தப் பிரயாணத்துக்கு இலக்காக நின்றது.

அங்கே போனவர்களில் ஹீமோபிலியா நோயாளிகளின் சரித்திரம் தனியானது. உதிரத்தை உறையச் செய்யும் எட்டாம் காரணி பிறவியிலேயே குன்றியிருக்கும் ஆண் குழந்தை, தவழும்போது முழங்காலை இடித்துக்கொண்டால், வெளியே ஒரு கீறலும் தெரியாமல் மூட்டுக்குள்ளேயே உதிரம் கசிந்து, இரவெல்லாம் கால் கொதித்து வீங்கும். இப்படிப் பல தடவை நேர்ந்தபின் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். பனிக்கட்டி ஒத்தடம், படுக்கை, பிறர் ரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றுக்கு மேல் அதிக வழியில்லாதிருந்த அக்காலத்தில், உறைந்த பிளாஸ்மாவை மெதுவாக இளக்கினால் அடியில் தங்கும் வண்டலில் அக்காரணி செறிந்திருப்பதை 1964-இல் அமெரிக்காவின் ஜூடித் பூல் அம்மையார் கண்டார். பின்னர், ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைத் திரட்டிச் செய்த பொடிமருந்து வந்தது. அதன் வழியே 1980-களில் எச்.ஐ.வி. கிருமியும் பல தேசத்து நோயாளிகளின் உடலில் புகுந்தது. இரவல் உதிரத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேண்டியதில்லை.

1984-இல் அக்காரணியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டதும், அதை நோயாளியின் சரீரத்திலேயே சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. வேலூரில் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா முன்னின்று நடத்திய பரிசோதனையில், கடும் ஹீமோபிலியா கொண்ட ஐவரின் சொந்த மூலச்செல்களைத் திரட்டி, நோய் உண்டாக்கும் சக்தி நீக்கப்பட்ட லென்டிவைரஸ் என்னும் கிருமியைக் கொண்டு அவற்றுள் மரபணுவைப் புகுத்தி, உக்கிரமான மருந்துகளால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கியபின் திரும்ப ஏற்றினார்கள். முதலிருவருக்குக் காரணி சிறிதளவே உயர, செலுத்தும் முறையைத் திருத்தியபின் ஏனைய மூவருக்கு இயல்பான அளவில் 19 முதல் 40 சதவீதம் வரை ஏறியது. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில் உதிரப்போக்கு நிகழவில்லை என்று 2024 டிசம்பரில் அறிக்கை வெளியாயிற்று. இதில் உழைத்த வேலூர் மூலச்செல் ஆராய்ச்சி மையம், நம் சாலையின் மறுமுனையான பெங்களூரில் உள்ள இன்ஸ்டெம் ஸ்தாபனத்தின் அங்கம் என்பது ஒரு விசேஷம்.

ஆயினும், ஐவரைக் காட்டி நோயையே வென்றுவிட்டதாக முழங்குவதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. அவர்கள் யாவரும் வயதுவந்தோர். மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்தோ லேசானதன்று. ஓசூர்ப் பட்டறைகளில் வேலை செய்யும் நோயாளிக்கு இன்றும் பெரும்பாலும் காரணி ஊசியே கதி. அதன் வீரியம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது.