வந்து போகும் வியாதி

ராஜாக்களுக்கு மட்டுந்தானா சரித்திரம்? வியாதிகளுக்கும் உண்டு. வந்து வந்து போவதாலேயே பிறர் நம்ப மறுத்த ஒரு வியாதியின் சரித்திரம் இது.

இங்கிலாந்தில் அகஸ்டஸ் தெஸ்தே என்று ஒருவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரன். 1822-இல், உறவினர் ஒருவரின் சவ அடக்கத்துக்குப் போய் வந்தபின், அவருக்குக் கண் மங்கியது. மருந்தில்லாமலே தெளிந்தது. சில வருஷங்கள் கழித்துக் கால் தளர்ந்தது, அதுவும் தேறியது. இப்படி விளையாட்டுக் காட்டி, கடைசியில் நடையையே பறித்துக்கொண்டது. எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்த அம்மனிதர், வியாதியின் பெயர் தெரியாமலே 1848-இல் கண்ணை மூடினார்.

பெயர் வைத்தவர் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ, 1868-இல். மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே அந்த உறையை அரித்துவிடுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்பு விழுகிறது. இன்று அதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது; பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

1890-இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர், இந்நோயாளிகள் சற்று உழைத்தாலே பார்வை மங்குவதைக் கவனித்தார். உடம்புச் சூடு ஏறுவதே காரணம் என்பது பிற்பாடு விளங்கியது. சூடு தணிந்தால் பார்வையும் திரும்பும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் திருத்தணி நினைவுதான் வந்தது. மலைக்கு 365 படிகள். சித்திரை வெயில் வேறு. கிழவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் விசிறிவிட ஆள் உண்டு. முப்பது வயதுப் பெண் உட்கார்ந்தால், "போன வருஷம் குதித்து ஏறினவள்தானே!" என்பார்கள்.

குளிர் தேசத்து வியாதி, நமக்கேது என்று இந்நாட்டில் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்து மூளையின் தழும்புகளைப் படமாகக் காட்டிய பிறகே இங்கும் பலர் கண்டறியப்பட்டார்கள். 1985-இல் பம்பாயில் இவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1993 முதல், அடியோடு குணப்படுத்தாவிட்டாலும், நோய் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டது.

தெஸ்தேக்குக் கிடைக்காத பெயர் கிடைத்துவிட்டது. சட்டமும் கிடைத்துவிட்டது. "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்கிற வாயை மட்டும் எந்தச் சட்டத்தாலும் மூட முடியாது. அதை நாமேதான் மூடிக்கொள்ள வேண்டும்.