ஜீன் என்றொரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

"வியாபாரம் அவங்க ஜீன்லயே இருக்கு சார், தைரியமாக் கொடுங்க." கடன் மனு பார்க்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன சிபாரிசு இது. நம்மூரில் 'ரத்தத்திலேயே ஊறினது' என்பார்கள். நான் இருக்கும் நாக்பூரில் 'கூன் மே ஹை'. இப்போது ரத்தம் போய் ஜீன் வந்திருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு மரபியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தினமும் காதில் விழும் சொல்லாயிற்றே என்று அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

உடம்பின் ஒவ்வொரு பாகமும் அனுப்பும் நுண்துகள்கள் வழியாகத்தான் பெற்றோரின் குணம் பிள்ளைக்குப் போகிறது என்று 1868-ல் டார்வின் ஒரு யூகம் சொன்னார். பெயர் 'பான்ஜெனிசிஸ்'. அவருடைய உறவினர் கால்டன், முயல்களுக்கு வேறு இன முயல்களின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். பிறந்த குட்டிகளில் அந்த வேற்றினத்தின் சாயலே இல்லை. (ஆக, 'ரத்தத்தில் ஊறினது' 1871-லேயே அடிபட்டுவிட்டது!) டச்சுக்காரர் டி விரீஸ் 1889-ல் டார்வினின் சொல்லிலிருந்து 'பான்ஜீன்' என்று ஒன்றை எடுத்தார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜோகன்சன் 1909-ல் அதையும் வெட்டி 'ஜீன்' என்றார்.

அது துகளா, வேறெதுவுமா, எங்கே இருக்கிறது என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சொல்தான் அவருக்குத் தேவைப்பட்டது. எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பணம் வந்தது நிச்சயம்; எந்தக் கணக்கு என்று தெரியும்வரை அங்கே கிடக்கட்டும். அந்தக் கணக்கு டி.என்.ஏ. என்று ஏவரி குழு காட்டியது 1944-ல். (நாமோ 'மரபணு' என்று, அவர் தவிர்க்க நினைத்த அணுவையே பெயரில் சேர்த்துவிட்டோம்.)

சொல்லைவிட முக்கியம் அவருடைய பீன்ஸ் சோதனை. ஒரே விதையிலிருந்து தன்மகரந்தச் சேர்க்கையால் பெருகிய 19 பரம்பரைகளை வளர்த்தார். ஒரு பரம்பரைக்குள்ளேயே பெரிய விதை, சின்ன விதை என்று பிரித்து விதைத்தார். இரண்டின் வாரிசுகளுக்கும் சராசரி எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்! பரம்பரைக்குப் பரம்பரை வித்தியாசம் இருந்தது, உண்மை. ஆனால் ஒரே பரம்பரைக்குள் பெரிசும் சிறிசும் மண், ஊட்டம், காய்க்குள் கிடைத்த இடம் செய்த வேலை. 1903-ல் இதை வெளியிட்டார். உள்ளே இருப்பதற்கு ஜீனோடைப், கண்ணுக்குத் தெரிவதற்கு பீனோடைப் என்று 1909-ல் பெயரும் வைத்தார்.

ஆக, கண்ணால் பார்த்ததை வைத்து 'ஜீன்ல இருக்கு' என்று சொல்லக்கூடாது என்பதுதான், அந்தச் சொல்லை உண்டாக்கியவரே நமக்குச் சொன்ன முதல் பாடம். வெறும் உயரத்தோடு மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட டி.என்.ஏ. மாறுபாடுகள் சம்பந்தப்பட்டிருப்பதாக 2022-ல் ஓர் ஆய்வு கண்டது. உயரத்துக்கே இந்தக் கதி என்றால், வட்டிக்கணக்குப் போடும் சாமர்த்தியத்துக்குத் தனி ஜீன் எங்கே போய்த் தேடுவது? அப்பா விட்டுப்போன கடை, கடனுக்குச் சரக்கு தரும் சித்தப்பா, பத்து வயதில் கல்லாவில் உட்கார்ந்த பழக்கம், இதெல்லாம் மண்ணும் ஊட்டமும். அவை கிடைக்காதவன் மனுவில் 'இவங்களுக்கு வராது' என்று எழுதுவது, சின்ன பீன்ஸைப் பார்த்து வம்சத்தையே தள்ளுபடி செய்வது போல.

ஜோகன்சனும் வீட்டில் காசில்லாமல் பல்கலைக்கழகம் போக முடியாதவர்தான். 1872-ல் மருந்துக்கடையில் வேலை பழகப் போனார். 1917-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்கு ரெக்டர் ஆனார்.