டப்பாப் பால் முதல் நானோ துகள் வரை

இன்றைய கருத்துக்களத்தில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பாலூட்டும் தாய்மார்களும் நானோ துகள்களும். 'இது ஆய்வுக்கூட விவகாரம், நமக்கென்ன?' என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தாய்ப்பாலில் என்ன கலக்கிறது என்ற கேள்வி நம் தோட்டப்புறங்களுக்குப் புதியதல்ல. அதனால் காப்பாரிலிருந்தே தொடங்குகிறேன்.

காப்பார் வட்டாரம் அன்று ரப்பர் காடு. விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். அவள் பால்மரம் சீவி முடித்து வரும்வரை பிள்ளை பசி தாங்குமா? அந்த இடைவெளியில்தான் டப்பாப் பால் நுழைந்தது. சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால், கைக்குழந்தைக்கு வேண்டிய சத்து இல்லாதது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்தவர், 1936-இல் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. தாதியர் போல் உடுத்திய விற்பனைப் பெண்கள், இந்தப் பாலைத் தாய்மார்களின் தலையில் கட்டுவதை அவர் கொலைக்கு ஒப்பிட்டார். வணிகப் பிரமுகர்கள் நடுவே நின்று இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆக, முதல் சோதனை தாய்ப்பாலுக்கு மாற்றாக வந்தது. இரண்டாவது சோதனை தாய்ப்பாலுக்குள்ளேயே வந்தது.

1951-இல் வாஷிங்டன் நகரில் 32 கறுப்பினத் தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். பெரும்பாலோரின் பாலில் டிடிடி பூச்சிமருந்து இருந்தது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தாயின் உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, பாலின் கொழுப்போடு சேர்ந்து பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். இங்கே 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது வீட்டுச் சுவர்களில் அடிக்கப்பட்டதும் இதே டிடிடிதான். மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்த இனம் நாம். அந்த மருந்தை வெறும் நஞ்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தார்கள். அந்தச் சேலையோடும் சட்டையோடும் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, 2002-இல் இந்தப் பெண்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் மருந்துக்கு அரசு தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. நடுவில் 18 ஆண்டுகள்! பாலூட்டும் பெண்களை மருந்தடிக்க விடக்கூடாது என்பது, 2004-இல் உருவான செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பின் விதிகளில் பின்னர் இடம்பெற்றது.

இப்போது நானோவுக்கு வருகிறேன். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நூறுக்கும் குறைவான அளவுள்ளவை நானோ துகள்கள். கிருமி கொல்லும் வெள்ளித் துகள் காலுறையிலும் பாத்திரத்திலும் பூசப்படுகிறது. துத்தநாகத் துகள் வெயில் களிம்பில் இருக்கிறது. செய்யாமலே வருபவையும் உண்டு. டீசல் லாரிப் புகை, நிலக்கரி எரியும் புகை. கிள்ளான் துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காப்பாரில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் மின்நிலையம் 1980-களில் எழுந்ததும் நமக்குத் தெரிந்ததே.

2013-இல் ரஷ்ய ஆய்வாளர்கள், பாலூட்டும் தாய் எலிகளுக்கு வெள்ளி நானோ துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு பால் வழியாகக் குட்டிகளுக்குப் போனது. அதில் கால் பங்காவது குட்டிகளின் இரத்தத்தில் கலந்தது. 2019-இல் பெல்ஜியத்தில் தாய்மார்களின் நஞ்சுக்கொடியில், சிசுவின் பக்கத்திலேயே புகைக்கரித் துகள்கள் காணப்பட்டன. எலிக்குக் கொடுத்த அளவை நம் தாய்மார்கள் உட்கொள்வதில்லை; எலிக்கு ஆனது மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவும் முடியாது.

எனக்குக் கவலை வேறு. இத்தகைய செய்தியைப் படித்த தாய், பயந்துபோய் பிள்ளையை மாவுப்பாலுக்கு மாற்றிவிட்டால், 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் எதிர்த்த இடத்துக்கே போய்ச் சேருவோம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாவுப்பால் கலக்கும் தண்ணீரும் புட்டியும் மட்டும் வானத்திலிருந்தா வருகின்றன?

துகளை அது கிளம்பும் இடத்தில்தான் தடுக்க வேண்டும். ஸ்வீடனில் 1970-களில் டிடிடி தடைசெய்யப்பட்ட பிறகு, தாய்ப்பாலில் அதன் அளவு ஆண்டுக்காண்டு இறங்கியது. அழகுப்பொருளில் நானோ பொருள் இருந்தால் உறையில் அதை எழுதியே ஆகவேண்டும் என்று 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் உண்டு. கிள்ளானில் குழந்தைக்குக் களிம்பு வாங்கும் தாயும் உறையைத் திருப்பிப் பார்த்துக் கேட்கலாம், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.