பட்டறைக்குள் ஏன் இருட்டு?

திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு கொல்லுப் பட்டறையில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கத்தி அடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாளே ஒரு சந்தேகம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நடு மத்தியானத்திலும் அரையிருட்டு. "ஒரு எல்இடி பல்பு போட்டா வசதியா இருக்குமே ஐயா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "வெளிச்சத்துல சூடு தெரியாது தம்பி."

சொன்னது அன்று மதியமே புரிந்தது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கரியில் வைத்திருந்தேன். நன்றாகப் பழுத்தால் சுலபமாக அடிக்கலாம் என்று நினைத்து, காற்றைக் கூட்டிவிட்டேன். வெளியே எடுத்தபோது முனை வெள்ளையாகி மத்தாப்பு மாதிரிப் பொறி விட்டது. ஒரே அடி, முனை உதிர்ந்து விழுந்தது. "எரிஞ்சு போச்சு, இனி உதவாது. மிளகாப் பழ நிறத்துக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான் போகணும்" என்றார் பெரியவர்.

என்னுடைய இந்தத் தவறு சுமார் 230 வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பியக் கொல்லர்களையும் படுத்தியெடுத்த ஒன்று என்பது பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலீனஸ் ஸ்காட் என்ற மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு இந்திய எஃகு மாதிரிகளை அனுப்பினார். அதன் பெயர் 'வூட்ஸ்'. கன்னட, தெலுங்கு 'உக்கு' திரிந்து வந்த சொல் என்பது பரவலான கருத்து. நம் 'உருக்கு' அதன் உறவு. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இதை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேதியியல் இல்லை, ஒரு பேனாக்கத்தி. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர், இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற மங்கலான சிவப்பில் வூட்ஸை அடித்து அதைச் செய்தார். கடினமான வேலைதான். ஆனால் முனை அங்கிருந்த சிறந்த எஃகுக்கு ஈடாக வெட்டியது. ஸ்டோடார்ட் பின்னாளில் தன் கடை விளம்பர அட்டையிலேயே வூட்ஸ்தான் உசத்தி என்று அச்சடித்துக்கொண்டார்.

மங்கல் சிவப்பு ஏன் தேவைப்பட்டது? வூட்ஸில் கார்பன் சுமார் 1.5 சதவீதம். லாரி ஸ்பிரிங்கில் அதில் பாதிகூடக் கிடையாது. கார்பன் கூடக்கூட, எஃகு உருகத் தொடங்கும் வெப்பம் கீழே இறங்கும். கார்பன் குறைந்த இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகிய கைகள் வூட்ஸையும் அப்படியே சூடாக்கின. அது சம்மட்டிக்குக் கீழே நொறுங்கியது.

இத்தனை கார்பன் எப்படி உள்ளே போனது? சேலம் பகுதி முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதியிருக்கிறார். பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியவர். மண் மூசையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி வைத்து மணிக்கணக்கில் ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் கரைந்துவிடும். நம் ஊரில் வேலியோரம் கிடக்கிற செடிகள்! பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் இந்த மூசை எஃகுத் தொழிலின் எச்சங்களைச் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்து எழுதினார்.

வூட்ஸின் ரகசியத்தைத் தேடியவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். அவர் ஒரு கொல்லரின் மகன். 1819இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்று முடிவு செய்தார். அது தவறு. பிறகு அதே ஸ்டோடார்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியிட்டார்.

வூட்ஸில் அடித்த டமாஸ்கஸ் வாள்களின் நீரலை போன்ற கோலம் இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1990களில் உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவனும் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் சேர்ந்து அதை மறுபடி உருவாக்கினார்கள். இரும்பில் மிகச் சிறிய அளவில் இருக்கிற வனேடியம் போன்ற கலப்புகளும், திரும்பத் திரும்பச் சூடேற்றி அடிப்பதும் சேர்ந்தே அந்தக் கோலத்தைக் கொண்டுவருகின்றன என்று காட்டினார்கள். பென்ட்ரே குதிரைக்கு லாடம் அடித்தவர், கத்தியும் அடித்தவர்.

பியர்சனுக்கு ஒரு ஸ்டோடார்ட், வெர்ஹோவனுக்கு ஒரு பென்ட்ரே. எஃகைக் கட்டுரையாக எழுதியவர் பக்கத்தில் அதை அடித்துப் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், அவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. பம்பாயிலிருந்து லண்டன் போன அந்த எஃகை மூசையில் வடித்தவர் பெயர் மட்டும் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

என் கத்திக்கு வருவோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை துவைச்சல். சிவக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடு காட்ட வேண்டும். "வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துருங்க" என்றார் பெரியவர். எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பியர்சன் கட்டுரையை மறுபடி பார்த்தேன். ஸ்டோடார்ட் அந்தப் பேனாக்கத்தியைப் பதப்படுத்திய சூடு 450 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 232. எஃகில் வைக்கோல் நிறம் படர்வதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். பட்டறையில் தெர்மாமீட்டர் கிடையாது. கத்தி கொஞ்சம் கோணல்தான், ஆனால் தக்காளியை நசுக்காமல் வெட்டுகிறது.