நாதாங்கியும் சாக்கெட்டும்

காரைக்குடியின் எலெக்ட்ரிகல் கடைகளில் ஒயரின் நுனியில் பொருத்தும் பின்னை ‘மேல்’ என்றும், அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தைப் ‘பீமேல்’ என்றும் கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். ஆங்கிலம் படிக்காதவருக்கும் இந்த இரண்டு சொல் தெரியும். நுழைவது ஆண், இடம் கொடுப்பது பெண். ஐரோப்பியப் பட்டறைகளில் பதினேழாம் நூற்றாண்டிலேயே திருகுக்கும் மரைக்கும் இந்தப் பெயர்கள் வழங்கின. பிறகு குழாய்க்கு வந்தன, மின்சாரத்துக்கு வந்தன, கணினிக்கும் வந்தன. இரண்டு பக்கமும் ஒரே வகையாக அமைந்துவிட்டால் நடுவில் போடும் சிறு துண்டுக்கு ‘ஜெண்டர் சேஞ்சர்’ என்றே பெயர். பால்மாற்றத்துக்காக மனிதர்கள் படாத பாடு படும் நாட்டில் அது கடை வாசலில் பாக்கெட்டில் தொங்குகிறது.

இதே ஊரின் பழைய வீடுகளுக்குள் போனால் வேறு சொற்கள் இருக்கின்றன. பர்மா தேக்குக் கதவு குடுமியில் நின்று குழியில் சுழலும். தாழ்ப்பாளின் நுனி போய் அமர்வது நாதாங்கியில். நாவைத் தாங்குவது என்று பொருள். மூக்குத்திக்குத் திருகாணியும் சுரையும். உள்ளே கூடாக இருப்பது சுரை. பசுவின் மடிக்கும் அதே சொல்தான். ஆட்டுக்கல்லின் குழியில் அமர்ந்து சுழலும் கல்லுக்குக் குழவி என்று பெயர். நாளெல்லாம் பெண்கள் புழங்கிய கருவி அது. உள்ளே நுழையும் கல்லை அவர்கள் ஆண் என்று அழைக்கவில்லை, குழந்தை என்றார்கள். இதைவிடச் சரியாக அந்தக் கல்லைப் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின்படி ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கு உரியவை. அஃறிணைக்கு ஒன்று, பல, அவ்வளவுதான். அதற்காகத் தமிழ் இந்தப் பழக்கத்துக்கு வெளியே நின்றது என்று சொல்ல வரவில்லை. விலங்குகளின் ஆண், பெண் பெயர்களை மரபியல் பட்டியலிடுகிறது. கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று ஸ்தபதிகள் பிரித்தார்கள். மூன்றாவது வகைக் கல்லுக்கு அவர்கள் இட்ட பெயரை அச்சில் போடக் கூசுகிறது.

என் அண்ணன் மகள் பெங்களூரில் டிரைவர் நிரல் எழுதுகிறாள். இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நின்று பேசும் நிரல் அது. அதற்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. முன்னால் இருப்பது எந்த கனெக்டர் என்பதைப் பெயரை நம்பித்தான் அறிகிறது. லினக்ஸின் திரைப் பகுதியில் டிவிஐ கனெக்டருக்கு மூன்று தனிப் பெயர்கள்: டிவிஐ-டி டிஜிட்டல் மட்டும், டிவிஐ-ஏ அனலாக் மட்டும், டிவிஐ-ஐ இரண்டும். பலகையில் இருப்பது டி, நிரலில் எழுதியிருப்பது ஐ என்றால், இல்லாத அனலாக் கம்பியில் திரையைத் தேடிக்கொண்டிருக்கும். யூஎஸ்பிக்கும் அப்படியே, ஏ, பி, சி என்று தனித்தனிப் பெயர். பொருள் எதைச் சுமக்கிறதோ அதைப் பெயர் சொல்கிறது.

ஆண், பெண் என்ற சொற்கள் அதைச் சொல்வதில்லை. பல நேரம் தவறாகவும் சொல்கின்றன. சுவரில் இருக்கும் சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாங்கிக்கொள்ளும்’ பக்கம் என்று அதற்குப் பெண் பெயர். ஆனால் மின்சாரத்தைத் தருவது அதுதான். விரல் பட்டுவிடக் கூடாது என்றுதான் மின்சாரம் உள்ள பக்கத்தைத் துளையாகச் செய்கிறார்கள். கொடுப்பவளை ஏற்பவளாக எழுதி வைத்திருக்கிறோம், எல்லா வீட்டிலும். யூஎஸ்பி-சி இன்னும் வேடிக்கை. 2014இல் வந்த அந்தத் தரத்தில், போனின் துளைக்கு நடுவே ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒயரின் முனை உள்ளே வெற்றுக் கூடு. இதில் யார் ஆண்?

2003இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் தனக்குக் கருவி விற்பவர்களிடம் ‘எஜமான் – அடிமை’ என்ற பெயர்களைத் தவிர்க்கச் சொன்னது. பலர் சிரித்தார்கள். 2020 ஜூலையில் லினக்ஸ் கெர்னலின் எழுத்து விதிகளில் அதே வேண்டுகோள் ஏறியது. கன்ட்ரோலர் – டிவைஸ், லீடர் – ஃபாலோயர் என்று மாற்றுகளும் தரப்பட்டன. பழைய வன்பொருள் தரம் கட்டாயப்படுத்தும் இடங்களுக்கு விலக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் ஆண் – பெண் இல்லை. எனக்கு வியப்பில்லை. அடிமை முறை மனிதர் செய்தது என்று ஒப்புக்கொள்ள உலகம் கொஞ்சம் பழகிவிட்டது. இதை மட்டும் இன்னும் இயற்கை என்றே நினைக்கிறது.

அண்ணன் மகள் படித்த கல்லூரி ஆய்வகத்தில் ‘மேல், பீமேல்’ விளக்கும் நாளில் பின்வரிசையில் சிரிப்பு எழுமாம். சொல்லிக்கொடுப்பவரும் ஒரு கண் சிமிட்டலோடு அடுத்த பாடத்துக்குப் போவாராம். மூன்று பெண்கள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இப்போது அவள் தன் நிரலில் ‘பிளக்’, ‘ரிசெப்டகிள்’ என்று மட்டும் எழுதுகிறாள். யூஎஸ்பி தரத்திலேயே உள்ள சொற்கள் அவை. ஏன் மாற்றினாய் என்று சரிபார்ப்பவர் கேட்டபோது, யூஎஸ்பி-சியில் பழைய பெயர் குழப்பும் என்று ஒரு வரி பதில் போட்டாள். சிரிப்பைப் பற்றி எழுதவில்லை. “அரசியல் பேசினால் பேட்ச் அங்கேயே நின்னுரும் அத்தை” என்றாள். அவளுடைய சாமர்த்தியம் எனக்குப் பிடித்தது. அது தேவைப்பட்டது பிடிக்கவில்லை.

போன மாதம் தமிழ்ச் சொல் கேட்டாள். ‘பிளக்’குக்குச் செருகி இருக்கிறது, மற்றதற்கு? எங்கள் ஊரில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே புழங்கும் எலெக்ட்ரோடுக்குத் தமிழில் மின்வாய். நேர்மின்வாய், எதிர்மின்வாய், இரண்டும் வாய்தான். நாதாங்கி என்று வையேன் என்றேன். நீளம் என்றாள். சுரை?

“காய்கறின்னு நினைப்பாங்க அத்தை.”

பேச்சு இன்னும் முடியவில்லை.