எழுபதாயிரம் குச்சிகள்

'ஸ்க்விட் கேம்' பார்த்தவர்களுக்கு அந்த ராட்சதப் பொம்மை மறந்திருக்காது. அந்த விளையாட்டில் கொரியப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதில்லை. அதற்குப் பதிலாக, முகுங்வா பூத்துவிட்டது என்று பத்து அசையில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். முகுங் என்றால் முடிவில்லாதது. வா என்றால் பூ.

நான் அந்தச் செடியை முதலில் பார்த்தது சுவோன் நகரத்தில், ஒரு பிப்ரவரியில். ப்ராஜெக்ட் வேலையாகப் போயிருந்தேன். குடியிருப்பின் வேலியோரம் வரிசையாகக் காய்ந்த குச்சிகள். எல்லாம் செத்துப்போச்சு, ஏன் இன்னும் பிடுங்காம வச்சிருக்காங்க என்று நினைத்தேன். ஏப்ரலில் செர்ரி பூத்துக் கொட்டியது. குச்சிகள் மெதுவாக, அதற்கும் பிறகுதான் தளிர்விட்டன. ஜூலையில் பார்த்தால், அட, நம்ம செம்பருத்தியின் சொந்தக்காரி! வெள்ளை இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு.

நம் செம்பருத்தி உறைபனி பட்டால் கருகிவிடும். இது மைனஸ் 20 டிகிரியைத் தாங்கும். வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். அசுவினி மொய்க்கும், கவனிக்க வேண்டும். புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால், குளிர் முடியும்போது பயப்படாமல் கவாத்து செய்யலாம். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆனால் மறுநாள் வேறு மொட்டு விரியும், இப்படியே இலையுதிர்காலம்வரை. 1753இல் லின்னேயஸ் இதற்கு 'சிரியாகஸ்' என்று சிரியாவின் பெயரை வைத்துவிட்டார். உண்மையில் இது கிழக்காசியச் செடி.

1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. நம்குங் ஒக் என்ற பத்திரிகையாளர் அப்போது சியோலில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார். கொரியாவின் பதின்மூன்று மாகாணங்களையும் முகுங்வா பூக்களாக வரைந்து, மாணவிகளைத் துணியில் எம்பிராய்டரி போடவைத்தார். வரைபடத்தைத் தடை செய்யலாம். தையல் வகுப்பை என்ன செய்வது? 1918இல் ஹொங்சொன் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், அங்கே பள்ளி தொடங்கி, முகுங்வா நாற்றங்கால் போட்டார். மல்பெரிக் கன்றுகளோடு கலந்து ஊர் ஊராக அனுப்பினார் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பூவைப் பார்த்தால் கண் சிவக்கும், தொட்டால் கட்டி வரும் என்ற பேச்சு பரப்பப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

1933 நவம்பரில் போலீஸ் வந்தது. அவருக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் இருந்த சுமார் 70,000 கன்றுகளும் அழிக்கப்பட்டன.

தேசியச் சின்னங்கள் மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. என்னை உலுக்கியது அந்த எண்தான். எஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 100 கன்று நட்டாலும் 700 நாள். ஒவ்வொன்றுக்கும் யாரோ குழி தோண்டி, தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். ஒரு பேரரசு குச்சிகளைப் பார்த்து இவ்வளவு பயந்ததா என்று சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்ததும் அது போய்விட்டது.

சிறையில் உடம்பு கெட்டு வெளியே வந்த நம்குங் ஒக் 1939இல் இறந்தார். விடுதலைக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

அடுத்த மார்ச்சில், நான் ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்பு, அதே வேலியோரம் ஒரு தாத்தா கவாத்து செய்துகொண்டிருந்தார். வெட்டிய குச்சிகளை அவர் குப்பையில் போடவில்லை. பென்சில் நீளத்துக்கு நறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்திருந்தார்.