நூல் பிடித்தாற்போல்

திருத்தணி–சோளிங்கர் சாலையில் கே.ஜி.கண்டிகையில் கார் வேலை பார்க்கிறவன் நான். அலைன்மென்ட் என்றாலே கேமரா, கம்ப்யூட்டர் என்றுதான் இன்றைய வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் அது நூல் வேலை.

அதற்கும் முன்னால் அலைன்மென்ட் என்ற கேள்வியே எழவில்லை. மாட்டு வண்டிக்கு ஒரே அச்சு, திருப்புவது மாடு. கோயில் தேருக்கு நாலு சக்கரம் இருந்தாலும் எதுவும் திரும்பாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரை வளைப்பார்கள். முன்சக்கரங்களை மட்டும் திருப்ப வேண்டும் என்றபோது வந்தது சிக்கல். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதோ ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். மியூனிக்கில் கோச்சு வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மான். பெயரும் அவருக்கே போனது. உழைப்பு ஒருத்தருடையது, பெயர் இன்னொருத்தருக்கு. பட்டறைக்காரனுக்கு இது புதுச் சங்கதி இல்லை. திருத்தணி மலைப்பாதை வளைவில் ஏறுகிற எந்தக் காரும் அந்த யோசனையை நம்பித்தான் ஏறுகிறது.

நான் தொழில் பழகியது அம்பாசடரில். மேஸ்திரி முதலில் நூலைத் தொடவே விடமாட்டார். காற்று சரியா, பால் ஜாயின்ட் ஆடுகிறதா, டை ராடு முனை தேய்ந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று பார்க்கச் சொல்வார். ஆட்டம் உள்ள வண்டிக்கு அளவெடுப்பதும் எடுக்காததும் ஒன்று. பிறகு ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறுவார். இறக்கியதும் அளந்துவிடக் கூடாது. தூக்கி இறக்கிய சக்கரம் கோணலாக நிற்கும். வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால்தான் நிலைக்கு வரும். அப்புறம் இரண்டு கோடுகளுக்கும் இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்து வித்தியாசம் பார்ப்பார். அதுதான் டோ. முன்சக்கரம் பின்சக்கரத்தோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டுவது.

ஒரு மில்லிமீட்டருக்கா இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. 13 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 1 மி.மீ. வித்தியாசம் என்றால், அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருத்தணியிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் கால் கிலோமீட்டர். எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை அரக்கோணம் பக்கத்தில் இச்சிபுத்தூரிலேயே இருக்கிறது என்பதற்காக டயர் மலிவாகக் கிடைத்துவிடுமா என்ன!

நூலால் முடியாததும் உண்டு. சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் திரும்புகிற அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது கேஸ்டர். கேம்பர் கெட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். கேஸ்டர் இரு பக்கமும் வேறுவேறாக இருந்தால் டயர் தேயாது, ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதையெல்லாம் பார்க்கத்தான் கருவி வேண்டும் என்று பேசத் தொடங்கிய காலத்தில் வந்தது மாருதி 800. அதன் முன்சக்கரத்தில் திருகிச் சரிசெய்யக் கூடியது டோ மட்டும்தான்! பெரிய பட்டறைகள் மெஷின் வாங்கிய காலத்தில், ஊரில் பெருகிய காருக்கு நூலே போதுமானதாக இருந்தது. அளவு மட்டும் மாறியது. அம்பாசடரில் உந்துவது பின்சக்கரம். ஓட்டத்தில் முன்சக்கரங்கள் விரியப் பார்க்கும், அதனால் கொஞ்சம் உள்ளே ஒடுக்கி வைப்போம். மாருதியில் இழுப்பதே முன்சக்கரம், அவ்வளவு ஒடுக்கம் தேவையில்லை. பழைய பழக்கத்தில் அம்பாசடர் அளவையே வைத்து மாருதி டயரை அறுத்தவர்களும் இருந்தார்கள்.

நூலை ஓரங்கட்டியது கேமராவின் நுட்பம் இல்லை என்பது என் கட்சி. வழுக்கலில் வண்டியை நிலைநிறுத்தும் கருவி உள்ள கார்களில் ஸ்டீரிங் கோணத்தைப் படிக்கிற சென்சார் ஒன்று இருக்கிறது. பல மாடல்களில், டோ வைத்து முடித்ததும் எது நேர் என்று அதற்கும் சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் மீட்டரில் விளக்கு எரியும். அந்த வேலைக்கு ஸ்கேன் கருவி வேண்டும், நூலுக்கு அங்கே இடமில்லை. ஆனால் பால் ஜாயின்டை ஆட்டிப் பார்க்காமலே வண்டியை மெஷினில் ஏற்றிப் பச்சைக் கட்டங்கள் அச்சான தாளை நீட்டுகிற கடைக்கு, என் மேஸ்திரி சைக்கிளைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.